அரிசோனா பாலைவனத்துப் பழைய பண்ணை: அறையைவிடக் குளம்பு சுத்தம்

குதிரைப் பண்ணையில் போய்த் தங்கலாம் என்று மகள் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, அங்கே லாடம் யார் அடிக்கிறார்கள் என்பதுதான். "ரூம்ல ஏசி இருக்கான்னு கேப்பேன்னு பார்த்தா, இதைக் கேக்குறியே நைனா" என்று சிரித்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே அவள் தாத்தா தொழிலை விட்டுவிட்டார், அவளுக்கு எப்படித் தெரியும்? சென்னை மூலகொத்தளத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து, துறைமுகத்துக்கும் சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் ஷெட்டுக்கும் மூட்டை ஏற்றிப் போகும் வண்டி மாடுகளுக்கு லாடம் அடித்தவர் எங்கள் அப்பா. எப்போதாவது ஜட்கா வண்டிக் குதிரையும் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கயிற்றைப் பிடிப்பது, ஆணி எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அப்புறம் நான் பெரம்பூர் லோகோ ரயில் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயரும் ஆகிவிட்டேன். ஆனாலும் ரோட்டில் குதிரை போனால் இன்றைக்கும் என் கண் அதன் காலுக்குத்தான் போகும்.

இந்த விமர்சனமும் அந்தக் கண்ணோடு எழுதியதுதான். மெத்தை எப்படி, காபி எப்படி என்று தெரிய வேண்டியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதுவும் வரும்.

பண்ணை இருப்பது அரிசோனாவின் தெற்கே, டூசான் நகரத்துக்கு வெளியே, சொனோரன் பாலைவனத்துக்குள். மகள் இருக்கிற சாண்ட்லரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாலைவனம் என்றால் மணல்மேடு, ஒட்டகம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கல்லும் முள்ளும் மலையுமாக இருக்கிற வறண்ட காடு அது. இந்த நிலம் ஒரு காலத்தில் மெக்சிகோவுடையது. 1854-ல்தான் காட்ஸ்டன் ஒப்பந்தப்படி அமெரிக்கா கைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் இங்கே மாடு மேய்த்தவர்களில் மெக்சிகோக் குடும்பங்கள் ஏராளம். 1880-ல் டூசானுக்கு ரயில் வந்ததும் மந்தைகள் பெருகின. 1890-களின் தொடக்கத்தில் மழை பொய்த்து, மேய்ச்சல் கருகி, மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிறகு முதல் உலகப் போர் முடிந்து மாட்டு விலையும் விழுந்தபோது பண்ணைக்காரர்கள் வேறு பிழைப்பைத் தேடினார்கள். வடக்கேயும் கிழக்கேயும் பனியில் கிடந்த பணக்காரர்கள் குளிர்காலத்தில் வெயில் காய ரயிலேறி வந்தார்கள். டிபிக்கு உலர்ந்த காற்று நல்லது என்று டாக்டர் சொல்லி வந்தவர்களும் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஏறிப் போக ஒரு குதிரை. மாடு மேய்த்ததைவிட மனுஷர்களை மேய்ப்பதில் காசு கூட வந்தது.

1920-களில் இது தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. டூசான் பக்கம் டாங்க்கே வெர்டே என்ற பண்ணை 1868-ல் மாட்டுப் பண்ணையாகத் தொடங்கி, பிறகு விருந்தாளிப் பண்ணையானது. விக்கன்பர்க் ஊர்ப்பக்கம் கே எல் பார் பண்ணை 1926-ல் விருந்தாளிகளுக்குக் கதவைத் திறந்தது. பழசு தேடுகிறவர்கள் இந்த இரண்டு ஊரையும் சுற்றித் தேடினால் கிடைக்கும். நாங்கள் தங்கிய பண்ணையின் பெயரை மட்டும் போடவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அறையை முதலில் முடித்துவிடுகிறேன். சுவர் சுடாத செங்கல். மண்ணையும் வைக்கோலையும் குழைத்து அச்சில் போட்டு வெயிலில் காயவைத்தது. ஒரு முழத்துக்கு மேல் கனம். ஜன்னல் மாடத்தில் காலை மடக்கி உட்காரலாம், உட்கார்ந்தேன். பகல் வெயில் உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. ராத்திரி வெளியே பல் கிட்டிக்கும்போது சுவர் வெதுவெதுப்பாக இருக்கிறது. மேலே உத்திரம் மெஸ்கீட் என்ற அந்த ஊர் மரத்தின் கட்டை. அதன் மேல் நெருக்கமாகப் பரப்பியிருப்பது சவாரோ கள்ளிக்குள் இருக்கும் மரக்குச்சிகள். கள்ளி செத்து, சதை உதிர்ந்ததும் இந்தக் குச்சிகள் மட்டும் கத்தையாக நிற்கும். அதை எடுத்துத்தான் அந்தக் காலத்தில் கூரை போட்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில்கூட உளுத்துப் போகவில்லை. டிவி கிடையாது. வைஃபை சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும். கட்டில் ரொம்ப உயரம், என் சம்சாரத்துக்கு ஒரு ஸ்டூல் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பாத்ரூமில் வழக்கம்போலக் காகிதம்தான். நம் ஆட்கள் பெட்டியில் ஒரு மக்கைப் போட்டுக்கொள்வது உத்தமம்.

இப்போது குதிரைக்கு வருவோம். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுகிற இடம் எதுவாக இருந்தாலும் நான் மூன்று விஷயம் பார்ப்பேன்: தண்ணீர்த் தொட்டி, முதுகு, குளம்பு. தொட்டிக்குள் கையை விட்டு உள்சுவரைத் தடவினேன். வழவழப்பில்லை, பாசியில்லை. முதுகில் சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை முடி திட்டாக முளைத்திருந்தால், அங்கே எப்போதோ புண் வந்து ஆறியிருக்கிறது என்று அர்த்தம். பட்டி முழுக்கச் சுற்றிப் பார்த்ததில் வயசான ஒன்றிரண்டு குதிரைகளுக்குத்தான் அது இருந்தது. அவையும் வேறு எங்கிருந்தோ வந்தவை என்றார்கள்.

தீனி என்ன தெரியுமா? அருகம்புல். நாம் பிள்ளையாருக்கு வைக்கிற அதே அருகம்புல்லைத்தான் பெர்முடா என்று சொல்கிறார்கள். தண்ணீர் பாய்ச்சி ஏக்கர் கணக்கில் வளர்த்து, அறுத்துக் காயவைத்து, மெஷினில் பெட்டி பெட்டியாகக் கட்டி அடுக்கியிருக்கிறார்கள். கூடக் கொஞ்சம் குதிரைமசால். கொள்ளு மருந்துக்கும் கிடையாது. கொள்ளு வைக்காமல் குதிரை வளர்க்கிறார்களே என்று எனக்கு ஒரு பக்கம் ஆற்றாமைதான். ஆனால் விலா எலும்பு தெரிகிற குதிரை ஒன்றுகூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நல்ல நேரம், நாங்கள் இருந்தபோதே லாடக்காரர் வந்தார். வண்டியின் பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே பட்டறையே இருக்கிறது. கேஸில் எரியும் உலை, ஸ்டாண்டில் பட்டடை, அரம், குறடு எல்லாம் அதனதன் இடத்தில். இடுப்பில் தோல் கட்டிக்கொண்டு, குதிரையின் காலைத் தூக்கித் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். குதிரை நின்றபடியே நிற்கிறது. எங்கள் அப்பா மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டித்தான் வேலையை ஆரம்பிப்பார். இவர் பழைய லாடத்தை நெம்பி எடுத்தார். வளர்ந்திருந்த குளம்பை வெட்டுக்குறடால் சுற்றி நறுக்கினார். விழுந்த துண்டுகளைப் பண்ணை நாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் மெஸ்கீட் நிழலில் உட்கார்ந்து கடித்தது. அரம் போட்டு மட்டம் பார்த்துவிட்டு, பழுக்கக் காய்ச்சிய புது லாடத்தைக் குளம்பில் வைத்து ஒரு அழுத்து. குபுகுபுவென்று புகை, முடி கருகும் நாற்றம். என் சம்சாரமும் மகளும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். நான் நகரவில்லை.

ஆணிதான் முக்கியம். குளம்பின் அடியில் ஓரத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஆணி அதற்கு வெளியே ஏறி, குளம்பின் பக்கச் சுவர் வழியாகத் தலையை நீட்ட வேண்டும். உள்பக்கம் திரும்பினால் உயிர்ச்சதை, அப்புறம் அந்தக் குதிரை நொண்டும். சரியாகப் போகிறதா என்பது சுத்தியல் சத்தத்திலேயே தெரியும். கெட்டியான இடத்தில் டங் டங் என்று கேட்கும், சதைப் பக்கம் போனால் சத்தம் மந்தமாகிவிடும். அதனால் அப்பா ஆணி அடிக்கும்போது பக்கத்தில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. இந்த மனுஷர் ரேடியோவில் பாட்டைப் போட்டுக்கொண்டே அடித்தார். எனக்குத் திக் திக் என்றிருந்தது. ஆனால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஆணியும் ஒரே கோட்டில், ஒரே உயரத்தில் வந்து நின்றன. நீட்டிய முனையை முறித்து, மடக்கி, அரம் போட்டு, விரலால் தடவிப் பார்த்தார். நானும் தடவிப் பார்த்தேன். விரலில் எதுவும் தட்டவில்லை.

மகளை மொழிபெயர்க்க வைத்துப் பேசினேன். ஒவ்வொரு குதிரைக்கும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி மாட்டுகிறார்களாம். கல்தரை, தேய்மானம் அதிகம். எங்கள் ஊரில் மாட்டுக்கு அடிப்போம், ஒரு மாட்டுக்கு எட்டு லாடம் என்றேன். எட்டா என்று நெற்றியைச் சுருக்கினார். பிளந்த குளம்பை மண்ணில் வரைந்து, பாதிக்கு ஒன்று, பாதிக்கு ஒன்று என்று காட்டினேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு எப்படி ஒத்துக்கொள்ளும் என்று கேட்டார். ஒத்துக்கொள்ளாது, கட்டிப் போடுவோம் என்றேன். இந்தப் பேச்சுக்காகவே எனக்குக் கொடுத்த காசு செரித்துவிட்டது.

சரி, பெயரைப் போடாத காரணம். ஏறுவதற்கு முன் ஆபீசில் ஒரு ஃபாரம் தருகிறார்கள். விழுந்தால் பண்ணை பொறுப்பில்லை என்று கையெழுத்து, வயசு, முன்னே பின்னே ஏறியிருக்கிறீர்களா, எடை எவ்வளவு. என் சம்சாரம் எடையைக் கொஞ்சம் சிக்கனமாகச் சொன்னாள். கவுன்டரில் இருந்த பெண் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசலை ஒட்டிக் கிடந்த எடை மெஷினைக் கை காட்டினாள். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். வேறு வழியில்லாமல் ஏறி நின்றாள். வரம்புக்குள்தான் இருந்தாள், போகலாம் என்றார்கள். "இனிமே அந்தக் குதிரை மேல ஏறினா நான் மனுஷியே இல்ல" என்று சொல்லிவிட்டு வராண்டாவில் போய் உட்கார்ந்தவள்தான். கடைசி வரைக்கும் ஏறவேயில்லை. வீட்டுக்கு வந்து நான் எழுத உட்கார்ந்ததும், "பேரு கீரு போட்டு ஓசில வெளம்பரம் குடுத்தே, அப்புறம் பாரு" என்றும் சொல்லிவிட்டாள்.

விதி நியாயமான விதிதான். குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அங்கே இருக்கிற குவார்ட்டர் ஹார்ஸ் ஜாதிக் குதிரை ஒவ்வொன்றும் சுமார் 500 கிலோ. ஆக 100 கிலோ. அதில் சேணமே 15 கிலோவுக்கு மேல் போய்விடும். வண்டியில் கண்டபடி மூட்டையை ஏற்றி, மேட்டில் மாட்டின் வாலை முறுக்கி ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எடை பார்க்கிற இடத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த மெஷினை ஒரு தட்டிக்குப் பின்னால் வைத்தால் என்ன கேடு? வயசான பொம்பளையைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்திவிட்டு, பிறகு ஒரு வார்த்தை வருத்தம்கூடச் சொல்லவில்லை. அறைக்கு ஒரு தட்டுக் குக்கீஸ் வந்தது, அவ்வளவுதான்.

சவாரி நம் வயசுக்கு ஏற்றது. எனக்குக் கொடுத்தது டஸ்டி என்று ஒரு மாநிறக் குதிரை, நிதானமானது. முன்னால் கொம்பு வைத்த பெரிய சேணம், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கடிவாளத்தை ஒரு கையில் பிடித்து, போக வேண்டிய பக்கம் கழுத்தில் லேசாகச் சாய்த்தால் திரும்புகிறது. வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக நடை மட்டும்தான். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒரு பரீட்சை வைக்கிறார்கள். மகள் அதில் தேறினாள், அவள் போய் வந்தாள். பேன்ட் முழு நீளமாக, ஷூ மூடியதாக, கொஞ்சம் குதி உள்ளதாக இருக்க வேண்டும். செருப்போடு போனால் ஏற்ற மாட்டார்கள்.

வழியெல்லாம் சவாரோ. நாற்பது அடி உயரத்துக்கு நிற்கிறது. முதல் கை விடவே 50, 75 வருஷம் ஆகுமாம். 150 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். மழை பெய்தால் உடம்பின் மடிப்புகள் விரிந்து தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். மரங்கொத்தி போட்ட ஓட்டையில் சின்ன ஆந்தை குடியிருக்கும். சவாரோவை அனுமதியில்லாமல் வெட்டினால் அரிசோனா சட்டப்படி குற்றம். இன்னொரு கள்ளி 'சோய்யா' (cholla). எட்ட நின்று பார்த்தால் பஞ்சு உருண்டை, உரசினால் தீர்ந்தது. எங்களுக்கு முன்னால் போன ஆளின் முழங்காலில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டது. அவர் கையால் எடுக்கப் போக, குதிரைக்காரப் பையன் கத்தித் தடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாதாரணத் தலை சீப்பை எடுத்து, முள்ளுக்கு அடியில் கொடுத்து ஒரு சுண்டு சுண்டினான். பறந்து போய் விழுந்தது. ஒரு சீப்பு 10 ரூபாய்க்கு மிண்ட் தெருவில் வாங்கிக்கொண்டு போங்கள்.

மெஸ்கீட் மரத்தைக் காட்டி அந்தப் பையன் ரொம்பப் பெருமையாகப் பேசினான். இதன் காயை டோஹோனோ ஓதம் பழங்குடி மக்கள் மாவாக அரைத்துச் சாப்பிட்டார்கள், கட்டையில் கறி சுட்டால் தனி வாசனை என்று. இலையையும் முள்ளையும் காயையும் பார்த்தேன். நம் ஊரில் ஹைகோர்ட்டே வெட்டச் சொன்ன சீமைக்கருவேலத்துக்கு நேர் பங்காளி. கொருக்குப்பேட்டை ரயில் பாதை ஓரத்தில் வந்தால் வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லச் சொன்னேன். மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

சாப்பாடு மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். அந்த மெஸ்கீட் நெருப்பில் வாட்டிக் கொடுத்தார்கள், மகள் விடவில்லை. சாப்பிடாத எங்களுக்குக் கோழி, பீன்ஸ், மெக்சிகோ ரொட்டி, பச்சை மிளகாய்ச் சட்னி. அந்தச் சட்னி உறைப்பாக, நன்றாகவே இருந்தது. ஒரு நாள் தக்காளி போட்ட சிவப்புச் சோறு வந்தது, என் சம்சாரம் கையோடு கொண்டு வந்திருந்த பருப்புப் பொடியை அதன் மேல் தூவிப் பிசைந்து, பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டாள். சைவக்காரர்கள் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இலையும் சீஸும்தான். காலையில் வெளியே அடுப்பு மூட்டிப் பெரிய இரும்புக் கல்லில் பான்கேக் ஊற்றுகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சப்பாத்திக்கள்ளிப் பழ ஜாம், ரத்தச் சிவப்பில். சின்ன வயசில் எண்ணூர் பக்கம் அந்தப் பழத்தைப் பறித்து நாக்கு முழுக்க முள் ஏறியது ஞாபகம் வந்தது, இருந்தும் இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். காபி மட்டும் வெறும் வெந்நீர். ஒன்றும் செய்வதற்கில்லை.

ராத்திரி கயோட்டி என்ற, ஓநாய்க்குச் சொந்தமான சின்ன மிருகங்கள் ஊளையிடும், பயப்பட ஒன்றுமில்லை, கிட்டே வராது. தேள் இருக்கிறது. ஊதா வெளிச்சம் அடிக்கும் டார்ச் ஒன்றைக் கொடுத்து, சுவரில் அடித்துப் பார்க்கச் சொன்னார்கள். தேள் இருந்தால் பச்சையாக மின்னும். பண்ணைச் சுற்றுச்சுவரில் ஒன்று மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கப்புறம் என் சம்சாரம் காலையில் ஷூவை நாலு தடவை தட்டாமல் போடவில்லை. அவள் செய்ததுதான் சரி.

நாங்கள் போனது பிப்ரவரி கடைசி. பகலில் இதமான வெயில், ராத்திரிக்கு ஸ்வெட்டர் அவசியம். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். மே, ஜூனில் சவாரோ பூக்கும் என்றாலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும், சில பண்ணைகள் கோடையில் மூடியே விடுகின்றன. வாடகை ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 300 டாலருக்கு மேல், நம் காசில் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சாப்பாடும் சவாரியும் அதற்குள் அடக்கம், வரி தனி. ஒரு ராத்திரி மட்டும் தங்குகிறேன் என்றால் விடமாட்டார்கள். பிள்ளைகள் காசைப் போட்டு அழைத்துப் போனால் போங்கள். சொகுசு வேண்டுமென்றால் அதே காசுக்கு நகரத்தில் பெரிய ஹோட்டலே கிடைக்கும். பிராணி பிடிக்கும் என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

கிளம்பும்போது டிப்ஸ் தனி. மொத்தத் தொகையில் 15-லிருந்து 20 சதவீதம் வைப்பது அங்கே வழக்கமாம். மகள் தொகையைச் சொன்னதும் எனக்கு மயக்கம் வந்தது. யார் யாருக்குப் போகிறது என்று கேட்டேன். குதிரை பார்க்கிற பையன்கள், சமையல்கட்டு, அறை கூட்டுகிறவர்கள் எல்லோரும் பிரித்துக்கொள்வார்கள், முதலாளிக்கு அதில் பங்கில்லை என்றார்கள். அப்படியானால் கொடு என்றேன். ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வாரமே கைக்கு வந்துவிடும், கார்டில் போட்டால் சம்பளத்தோடுதான் வரும் என்று சமையல்காரர் காதோடு சொன்னார். அதனால் பணத்தை ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள், பண்ணைக்குப் பக்கத்தில் ஏடிஎம் கிடையாது.